மறு: அரித்மியாவுக்குத் தமிழ் – ‘சீரற்ற துடிப்பு’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். அரித்மியாவுக்கு, அதாவது இதயத்துடிப்பின் வேகமோ ஒழுங்கோ பிறழும் கோளாறுகளுக்கு, தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சைத் தொடர்கிறேன்.

> ‘சீரற்ற இதயத்துடிப்பு’ நாளிதழ்களில் பழகிவிட்டது. புதிதாக எதற்கு?

பழகிய சொல்லைத் தள்ளிவிடுவதில் எனக்கும் ஆசை இல்லை. ஆனால் இந்தச் சொல் பொருளிலேயே இடறுகிறது.

எஸ்விடி என்று மருத்துவர்கள் சொல்லும், இதயத்தின் மேற்பகுதியில் தொடங்கும் வேகத்துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த ஓர் இளம்பெண்ணுக்குத் திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். நாடி நிமிடத்துக்கு 180. ஈசிஜி எடுத்தால் அலைக்கு அலை இடைவெளி மாறாது, அச்சடித்தாற்போல் சீர். இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டல் ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதுதான் காரணம். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னாலோ, அடினோசின் ஊசியைச் சரேலென்று ஏற்றினாலோ பல நேரம் வட்டம் அறுந்து, சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடும். இதைப் போய்ச் ‘சீரற்ற துடிப்பு’ என்பதா?

எதிர்முனையில், இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தொடர்பு முழுதாக அறுந்த ஒருவர். கீழறை தன்போக்கில் நிமிடத்துக்கு 30, 40 என்று அடிக்கும். ஆள் மயங்கி விழுவார், ஆனால் துடிப்பு பெரும்பாலும் சீராகவே இருக்கும். அப்புறம் குழந்தைகளின் நாடியைப் பிடித்துப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது விரையும், விடும்போது தளரும். சீரில்லைதான், ஆனால் அது நோயே இல்லை. ஆக, இந்தச் சொல்லை வைத்தால் சீரான நோய்கள் வெளியே நிற்கின்றன, நோயில்லாத சீரின்மை உள்ளே வந்துவிடுகிறது.

> லயக்கேடு?

அழகான சொல், இசை தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். லகரம் முதலில் வருகிறது என்ற சண்டையில் நான் இறங்கவில்லை, இலயம் என்று எழுதினால் போயிற்று. ஆனால் இலங்கை மலையகத்தில் லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கே லயக்கேடு வேறு பல கேடுகளை நினைவூட்டும்.

இதயத்தின் ‘ரிதம்’ என்பதற்கு என் பரிந்துரை துடிநடை. நோய்க்குத் துடிநடைக் கோளாறு. ‘நாடி நடை’ என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாத நாடி அன்னம்போல், பித்த நாடி ஆமைபோல், கப நாடி தவளைபோல் நடக்கும் என்று சித்த மருத்துவம் பிரிக்கிறது. அந்தப் பிரிவுகளை ஈசிஜியோடு பொருத்திப் பார்க்கச் சொல்லவில்லை (தயவுசெய்து வேண்டாம்). ‘நடை’ என்றால் வேகம், சீர், போக்கு மூன்றும் சேர்ந்தே வருகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு பயனும் உண்டு. மேலறை ஃபிப்ரிலேஷனில் (மேலறையில் தூண்டல்கள் தாறுமாறாக ஓடும் கோளாறு, கீழே விளக்குகிறேன்) சிகிச்சை இரண்டு வழியாகப் பிரியும். கோளாறை அப்படியே விட்டுவிட்டு, பீட்டா பிளாக்கர் போன்ற மருந்தால் கீழறையின் வேகத்தை மட்டும் குறைப்பது ஒன்று. அமியோடரோன் மாத்திரையோ மின்னதிர்ச்சியோ கொடுத்து இயல்பான துடிப்பையே திரும்பக் கொண்டுவருவது இன்னொன்று. முன்னதை வேகக் கட்டுப்பாடு, பின்னதை நடைமீட்பு என்று குழப்பமில்லாமல் சொல்லிவிடலாம்.

சரி, ஃபிப்ரிலேஷன். இந்த இழையில் அதிகம் அடிபட்டது இதுதான். ‘நடுக்கம்’ வேண்டாம். நடுக்குவாதம் பார்க்கின்சன் நோய்க்குப் போய்விட்டது. ‘உதறல்’ என்றால் நோயாளி தான் பயந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் நடப்பது என்ன? மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 தூண்டல்கள் தாறுமாறாக ஓடுகின்றன. தசையிழைகள் ஆளுக்கொரு பக்கம் சுருங்குவதால் அறை மொத்தமாகச் சுருங்குவதே இல்லை. தூண்டல்களில் எவை கீழறைக்குப் போகும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. நாடி கன்னாபின்னாவென்று அடிப்பது அதனால்தான். சுருங்காத மேலறையில், முக்கியமாக இடப்பக்கத்துச் சிறு பையில், இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நெஞ்சுவலியே இல்லாதவருக்கு உறைவுத்தடுப்பு மருந்து எழுதுவது இதற்காகத்தான்.

இங்கே துடிப்பு நடுங்கவில்லை, சிதறுகிறது. ஆகவே சிதறுதுடிப்பு. சிதறுதேங்காய் என்று சொல்கிறோமே, அதே கட்டமைப்புதான், இலக்கணத்துக்கும் குறையில்லை. மின்னதிர்ச்சி கொடுத்து அதை நிறுத்தும் டிஃபிப்ரிலேட்டர் சிதறல்நீக்கி ஆகிவிடும்.

ஒரே நிபந்தனை: மேலறை, கீழறை என்ற முன்னொட்டை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. மேலறைச் சிதறுதுடிப்போடு பலர் பல ஆண்டுகள் நடமாடுகிறார்கள், சிலருக்கு அது இருப்பதே தெரியாது. கீழறைச் சிதறுதுடிப்பில் நாடியே இருக்காது. சில நொடிகளில் நினைவு தப்பும். உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, சிதறல்நீக்கியைச் சில நிமிடங்களுக்குள் கொண்டுவராவிட்டால் உயிர் தங்காது. (ஈழத்து நண்பர்கள் சோணையறை, இதயவறை என்றே எழுதட்டும். அவை நல்ல சொற்கள், பள்ளியிலேயே ஊன்றியவை.)

இதயத்தின் மின்பாதை தடைபடும் ஹார்ட் பிளாக் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. நம் ஊரில் ‘இதயத்தில் அடைப்பு’ என்றாலே இரத்தக்குழாய் அடைப்பு. மின்பாதை தடைபட்டவரிடமும் அடைப்பு என்று சொன்னால், பலூன் வைப்பார்களா, ஸ்டென்ட் எத்தனை என்று குடும்பமே கேட்கும். அவருக்கு வேண்டியது, மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கராக இருக்கும். எனவே இதற்கு ‘அடைப்பு’ என்ற சொல்லையே தொடாமல் மின்கடத்தல் தடை என்று வைப்போம். பேஸ்மேக்கரை அப்படியே விட்டுவிடுங்கள். 1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட அந்தக் கருவியின் பெயர் இன்று நம் கிராமங்கள்வரை வந்துவிட்டது.

அப்ளேஷனுக்குச் ‘சுட்டழிப்பு’ என்று வந்திருந்தது. வெப்பத்தால் சுடுவது மட்டுமில்லை, உறையவைத்தும் செய்கிறார்கள். கோளாறைத் தூண்டும் திசுவையும் அதன் வழியையும் மின்சாரம் பாயாத தழும்பாக்குவதுதான் நோக்கம். திசுமுடக்கம் சரியாக வருமா?

ஃபிளட்டர் என்ற இன்னொரு மேலறைக் கோளாறுக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. மேலறையில் தூண்டல் ஒரே வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றும், ஈசிஜியில் ரம்பப்பல் வரிசை தெரியும். ‘படபடப்பு’ ஆகாது, அது நோயாளி தன் வாயால் சொல்லும் குறி. ‘சிறகடிப்பு’ என்று மருத்துவர் சொன்னால் காதல் கவிதை ஆகிவிடும். ரம்பத்துடிப்பு என்று ஒன்று தோன்றுகிறது, காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. வேறு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.