கீழக்கரை எம்ஜிபி பானெட்: தட்டி நிமிர்த்துவதா, ஃபைபரில் வார்ப்பதா?

உப்புக்காற்று, கீழக்கரை
வாப்பா விட்டுப்போன 1967 எம்ஜிபி, துணிக்கூரை போட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். எட்டு மாதம் ஷெட்டில் மூடிக் கிடந்தது. உப்புக் காற்றில் பானெட் கீல் இரண்டும் இறுகிப்போயிருக்கின்றன, நான் கவனிக்கவில்லை. திறக்கும்போதே முரண்டு பிடித்தது. அப்போதே எண்ணெய் விட்டிருக்க வேண்டும். மூடலாம் என்று அழுத்தினேன். கீல் அசையாமல் பானெட்டே மடங்கிவிட்டது. கீலுக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஒரு மடிப்பு. ஒரு பட்டறையில் கொடுத்தேன். நிமிர்த்தாமலே பள்ளத்தில் பட்டியைப் பூசி அனுப்பிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. தட்டியே எடுக்கலாம் என்கிறார் ஒரு டிங்கர். ஃபைபரில் (கண்ணாடி இழையில்) புதிதாகப் போடு என்கிறார் வள்ளம் கட்டும் நண்பர். எதைச் செய்ய?

வள்ளக்காரன், மண்டபம்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஃபைபர்தான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துரு என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். 2025இல் புதுப் பாலமே திறந்துவிட்டார்கள். பானெட் எந்த மூலைக்கு? பானெட்டிலிருந்து எடுத்த அச்சில் மெழுகு தேய்த்து, மேல்பூச்சாக ஜெல் கோட் அடித்து, மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பையும் ரெசின் பிசினையும் அடுக்கடுக்காகப் போட்டால் முடிந்தது. ஒன்று மட்டும், மீன்பிடித் தடைக்காலத்தில் வராதீர்கள். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் கரையேற்றிய படகுகளோடுதான் எங்களுக்கு வேலை.

டிங்கர்மாமா, பரமக்குடி
தம்பி, முதலில் பானெட் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அறுபதுகளில் வந்த எம்ஜிபிக்கு பானெட் அலுமினியம். இரும்பு பானெட் பிறகுதான் வந்தது. அலுமினியமாக இருந்தால் வள்ளக்காரர் சொன்ன துருக் கதை முதல் வரியிலேயே முடிந்தது.

வள்ளக்காரன், மண்டபம்
மாமா, கடல் இல்லாத ஊரிலிருந்து பேசுகிறீர்கள். இங்கே அலுமினிய ஜன்னலில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடப்பதை வந்து பாருங்கள். இரும்பு போல்ட்டும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் பேட்டரி மாதிரிதான். போல்ட் தப்பிக்கும், தகடு கரையும்.

டிங்கர்மாமா, பரமக்குடி
அது போல்ட் போட்டவன் குற்றம். நைலான் வாஷர் கொடுத்து, கிரீஸ் தடவிப் பூட்டினால் தகடு தப்பிக்கும். நான் ஒன்று கேட்கிறேன். அச்சு எதிலிருந்து எடுப்பீர்கள்? மடிந்த பானெட்டிலிருந்து எடுத்தால் மடிப்பும் சேர்ந்துதானே வரும்?

வள்ளக்காரன், மண்டபம்
பட்டி போட்டு மேல் மட்டத்தை இழைத்தால் போதும். அச்சுக்குத் தேவை மேற்பரப்புதான், உள்ளே தகடு எப்படி இருந்தால் என்ன? வள்ளம் கட்டும் எங்கள் ஓடாவி (தச்சர்) ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே வாட்டம் சொல்லிவிடுவார்.

(இது நல்ல பதில்தான். எனக்குக்கூடச் சட்டென்று மறுக்க வரவில்லை. – உப்புக்காற்று)

பழைய ஆர்சி, ராமநாதபுரம்
ஒரு சட்ட விஷயம். 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸி (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வண்டிக்கூடு), இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. போல்ட்டில் கழலும் பானெட்டை பாடி ஷெல்லில் சேர்க்க முடியாது என்பது என் வாதம். பார்க்க வருகிற அதிகாரியும் அப்படியே நினைக்க வேண்டுமே.

டிங்கர்மாமா, பரமக்குடி
சட்டம் இருக்கட்டும். சாதாரண ரெசின் சூட்டுக்குத் தளரும். கீழே இன்ஜின், மேலே நம் ஊர் வெயில். இந்த வண்டியில் பானெட்டை முன்பக்கம் பிடித்துக்கொள்வது நடுவில் ஒரே லாக்தான். ஃபைபர் பானெட்டோடு பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினால் காற்றில் படபடக்கும்.

தட்டுகிற முறை இதுதான். பெயிண்ட், பட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மடிப்பின் மேல் சவுக்காரக் (சோப்புக்) கட்டியால் கோடு போடுங்கள். அடியிலிருந்து கேஸ் தீயை அகலமாக வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து காட்டாது. 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டையாகிவிடும். சவுக்காரக் கோடுதான் கண். அது பழுப்பாகிக் கறுக்கும்போது தீயை எடுத்துவிடுங்கள். ஆறியதும் தகடு இளகியிருக்கும். மணல் பையில் படுக்க வைத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மடிப்பின் இரு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் கூடாது, தகடு நீண்டு டொப் டொப்பென்று உள்ளே வெளியே போகும். பைக்கு ஆற்று மணல்தான். கடற்கரையில் அள்ளினால் உப்பையும் சேர்த்துத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

உப்புக்காற்று, கீழக்கரை
காந்தம் ஒட்டவில்லை, அலுமினியமேதான். மாமா சொன்னபடி டிங்கரை வைத்துச் செய்தோம். கோடு கறுத்த நேரத்தில் என் கைதான் நடுங்கியது, அவர் கை நடுங்கவில்லை. மடிப்பு போய்விட்டது. விரலால் தடவினால் மட்டும் லேசாக ஒரு அலை தெரிகிறது. வண்டியில் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் இடைவெளி சரி. வலப்பக்கம் முன்னால் ஒரு விரல் போகிறது, பின்னால் தாள்கூட நுழையவில்லை.

டிங்கர்மாமா, பரமக்குடி
லாக்கைக் கழற்றிவிட்டுத்தானே வைத்தீர்கள்? அது பூட்டிக்கொண்டால் திறப்பது பெரும்பாடு. கீல் போல்ட்டைத் தளர்த்தி முதலில் பானெட்டை நேராக்குங்கள். அப்புறமும் இழுத்தால் பானெட்டைத் திட்டாதீர்கள், மட்கார்டைப் பாருங்கள். எம்ஜிபிக்கு முன் மட்கார்டும் போல்ட்டில்தான் நிற்கிறது. கதவுக்குப் பொருத்தமாக மட்கார்டு, மட்கார்டுக்குப் பொருத்தமாக பானெட். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

வள்ளக்காரன், மண்டபம்
சரி, நிமிர்ந்துவிட்டது. இப்போதுதான் அச்சு எடுக்க நல்ல நேரம். ஒன்று எடுத்து வையுங்கள், அடுத்த வாடையில் கீல் மறுபடி இறுகினால் என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

டிங்கர்மாமா, பரமக்குடி
பெயிண்டுக்கு முன்னால் அவர் மெழுகைப் பக்கத்தில் விடாதீர்கள். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகும்.

உப்புக்காற்று, கீழக்கரை
மட்கார்டு போல்ட்டில் இரண்டைத் தவிர மற்றவை கழன்றன. மீதி இரண்டுக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன், இந்தத் தடவை மறக்காமல்.