படிவம் பிழையோடு திரும்பும்போது மாவட்டப் பட்டியல் காலியாகிவிடுகிறது (ஸ்பிரிங் பூட், தைம்லீஃப்)

கேள்வி

வணக்கம். ஸ்பிரிங் பூட்டையும் (ஜாவாவில் வலைச் செயலிகளை எழுத உதவும் கட்டமைப்பு) தைம்லீஃபையும் (அதில் பக்கங்களை உருவாக்கும் டெம்ப்ளேட் கருவி) கொண்டு ஒரு பயிற்சி மையத்துக்கான சேர்க்கைப் படிவத்தை உருவாக்கி வருகிறேன். கெட் கோரிக்கையை (பக்கத்தைத் திறக்க உலாவி அனுப்புவது) கையாளும் மெத்தடில் மாவட்டங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து மாடலில் (பக்கத்துக்குத் தரவைக் கொண்டுசெல்லும் தொகுப்பு) சேர்க்கிறேன். பக்கத்தை முதலில் திறக்கும்போது 38 மாவட்டங்களும் டிராப்-டவுனில் சரியாக வருகின்றன. ஆனால் கைப்பேசி எண்ணைத் தவறாக இட்டு அனுப்பினால், படிவம் பிழைச் செய்தியுடன் திரும்பி வரும்போது அந்த டிராப்-டவுன் காலியாக இருக்கிறது. லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எதுவும் பதிவாகவில்லை. திருத்தும் பக்கத்திலோ மாணவரின் மாவட்டம் தேர்வாகி நிற்பதே இல்லை. படிவத்துக்கான கிளாஸில் மாவட்டம் என்ற என்டிட்டியையே (தரவுத்தள அட்டவணையின் ஒரு வரியைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) வைத்திருக்கிறேன். எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லி உதவுங்கள்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. மாடல் என்பது ஒரு கோரிக்கைக்கு மட்டுமே உரியது. கெட் கோரிக்கையில் நீங்கள் சேர்த்த பட்டியல், அந்தப் பக்கம் உலாவிக்குப் போனதோடு மறைந்துவிடுகிறது. படிவத்தை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் சரிபார்ப்புத் தோற்று, அதே டெம்ப்ளேட்டின் பெயரை நீங்கள் திருப்பி அனுப்பும்போது, மாடலில் பயனர் நிரப்பிய படிவமும் பிழை விவரங்களும் இருக்கும்; மாவட்டப் பட்டியல் இருக்காது. இல்லாத பட்டியலின் மீது டிஎச்-ஈச் (th:each, பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றும் கட்டளை) ஓடும்போது, தைம்லீஃப் அதைக் காலிப் பட்டியலாகவே கருதி ஒரு முறைகூடச் சுற்றாமல் நகர்ந்துவிடும் என்பதால்தான் லாகில் எந்தத் தடயமும் இல்லை.

பட்டியலைத் தரும் வரிகளைத் தனி மெத்தடாக எடுத்து, அதன் தலையில் மாடல்-ஆட்ரிபியூட் (@ModelAttribute) என்ற அனொட்டேஷனை இடுங்கள். அந்த கன்ட்ரோலரில் (கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸில்) உள்ள எந்தக் கோரிக்கை மெத்தட் ஓடுவதற்கு முன்பும் ஸ்பிரிங் இதை ஓட்டிவிடும் என்பதால், படிவம் எந்த வழியில் திரையேறினாலும் பட்டியல் கூடவே வரும். வெற்றிகரமாகச் சேமித்து ரீடைரக்ட் செய்யும்போதும் வீணாக ஒரு குவெரி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் மாவட்டப் பட்டியல் போன்ற சிறிய தரவைச் சர்வீஸ் அடுக்கில் கேஷ் செய்துவிட்டால் (cache, நினைவகத்தில் சேமித்து வைத்தால்) அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

தேர்வாகி நிற்காததற்குக் காரணம் நீங்கள் என்டிட்டியை வைத்திருப்பதாகத்தான் இருக்க வேண்டும். செலக்ட் குறியில் டிஎச்-ஃபீல்டு (th:field, படிவத்தின் மதிப்போடு இணைக்கும் கட்டளை) இருந்தால், படிவத்தில் உள்ள மதிப்பை ஒவ்வொரு ஆப்ஷனின் மதிப்போடும் ஒப்பிட்டு, பொருந்துவதை அதுவே தேர்வாக்கும். உங்கள் ஆப்ஷனின் மதிப்பு 12 என்ற எண்ணாக இருக்க, மறுபக்கம் ஒரு முழு ஆப்ஜெக்ட் நின்றால், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் உரிய கன்வெர்ட்டர் இல்லாமல் இரண்டும் பொருந்தா. படிவத்துக்குத் தனி கிளாஸ் வைத்து, அதில் மாவட்டத்தின் ஐடியை மட்டும் லாங் வகையில் வையுங்கள். முதல் ஆப்ஷனை வெற்று மதிப்புடன் ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று எழுதினால், அது நல்-ஆகவே (null, மதிப்பே இல்லாததாக) வந்து சேரும். நாட்-நல் (@NotNull) சரிபார்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டிராப்-டவுனில் இருப்பதைத்தான் பயனர் அனுப்புவார் என்று நம்பிவிடாதீர்கள். உலாவியின் டெவலப்பர் கருவியில் ஆப்ஷனின் மதிப்பை யாரும் மாற்றி அனுப்பலாம். ஆகவே வந்த ஐடி உண்மையில் அட்டவணையில் உள்ளதா என்பதைச் சர்வரிலும் சரிபார்த்தே தீர வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு சிக்கல்களும் தீர்ந்துவிட்டன. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மாவட்டங்கள் அடிக்கடி மாறாதவை என்பதால் அவற்றை அட்டவணைக்குப் பதிலாக ஈ-நமாக (enum, நிரலிலேயே எழுதப்படும் நிலையான மதிப்புகளின் பட்டியல்) எழுதிவிடலாமா? மேலும், பெயரின்படி வரிசைப்படுத்தியும் கன்னியாகுமரி, கடலூருக்கும் கரூருக்கும் இடையே வந்து நிற்பது ஏன்?

மறுமொழி 3

ஈ-நம் வேண்டாம் என்பதே என் கருத்து. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. அட்டவணையாக இருந்தால் ஒரு வரியைச் சேர்த்து கேஷை நீக்கினால் போதும்; ஈ-நமாக இருந்தால் நிரலை மாற்றி மீண்டும் டிப்ளாய் செய்ய (சர்வரில் நிறுவ) வேண்டும். அதே அட்டவணையில் ‘செயலில் உள்ளது’ என்றொரு பத்தியும் வையுங்கள். மாவட்டத்துக்கு அது அரிதாகவே தேவைப்படும். ஆனால் பாடப்பிரிவு போன்ற பட்டியல்களுக்கு இன்றியமையாதது. நிறுத்தப்பட்ட பிரிவைப் புதிய படிவத்தில் மறைக்கலாம்; பழைய மாணவரின் பதிவைத் திருத்தும்போது மட்டும் அவருடைய பிரிவையும் பட்டியலில் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பொருந்தும் ஆப்ஷன் எதுவும் இல்லாமல் உலாவி முதல் ஆப்ஷனைத் தேர்வாக்கிவிடும். அது வெற்று ஆப்ஷனாக இருந்தால் சரிபார்ப்பு தடுத்துவிடும். வேறொரு பிரிவாக இருந்தால், முகவரியை மட்டும் திருத்த வந்த அலுவலர் அறியாமலேயே பிரிவையும் மாற்றிச் சேமித்துவிடுவார்.

வரிசைக்கு வருகிறேன். உங்கள் தரவுத்தளம் யூனிகோடு எண்களின்படி அடுக்குகிறது. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தே, ‘ர’, ‘ள’ ஆகியவற்றுக்கு முன்பாகவே இடம்பெற்றுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதனால்தான் கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வர வேண்டியது இப்படிக் கலைகிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் என்றால் பதிப்பு 10 முதல் ஐசியு கொலேஷன்களை (ICU, மொழிவாரியான வரிசை விதிகள்) பயன்படுத்தலாம். குவெரியில் வரிசையைக் குறிக்கும் ஆர்டர்-பை பகுதியில் தமிழுக்குரியதைக் குறிப்பிட்டால் அகரவரிசை சரியாக அமையும். வேறு தரவுத்தளம் என்றால், வரிசை எண்ணுக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்து நீங்களே நிரப்பிவிடுங்கள். 38 வரிகளுக்கு அதுவே எளிது.