கடன் கழுத்தை நெரிக்கும்போதும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) சபைக்குக் கொடுக்கவேண்டுமா?

கடைசிவரிசை:
போன வாரம் சபையில் பிரசங்கம், வேதாகமத்தில் மல்கியா 3-ஆம் அதிகாரம். கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், சாபம் வரும் என்றார்கள். எட்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தவன் நான், இந்த ஆறு மாதமாகத்தான் முடியவில்லை. அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன், சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது. கிரெடிட் கார்டில் எடுத்தாவது கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன் (மனைவி பார்த்த பார்வையில் அதை அப்படியே விட்டுவிட்டேன்). அப்புறம், கணக்கு மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

முதற்கனி:
பிரதர், நான் கொடுக்கிற கட்சி. சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைத்துவிடுவேன், மீதியில்தான் குடும்பம். மோசே வழியாக நியாயப்பிரமாணம், அதாவது சட்டம், வருவதற்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்கு என்ற ஆசாரியனுக்குக் கொடுத்திருக்கிறார், அதனால் இது மோசேயோடு முடிந்துபோன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மொத்தமா, கைக்கு வருவதா என்பதற்கு நேரடி வசனம் கிடையாது, அவரவர் மனச்சாட்சி. ஆனால் கார்டில் எடுத்துக் கொடுப்பது? ஐயோ, வேண்டவே வேண்டாம்.

பழையசுருள்:
ஆபிரகாம் கொடுத்தது போரில் கிடைத்த பொருளில், அதுவும் ஒரே தடவை. மாதாமாதம் கொடுத்ததாக எங்கும் இல்லை.

மல்கியாவை எடுக்கிறவர்கள் உபாகமம் 14 பக்கம் போவதே இல்லை என்பது என் ஆதங்கம். தானியம், திராட்சரசம், எண்ணெய் இவற்றில் பத்தில் ஒன்றை எடுத்துப்போய், தேவசந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்றுதான் அங்கே இருக்கிறது. தூரம் அதிகமென்றால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய் அங்கே விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருடத்துப் பங்கு ஊரிலேயே வைக்கப்படும், நிலமில்லாத லேவியனுக்கும் (ஆலயப் பணி செய்து தசமபாகத்தில் வாழ்ந்த கோத்திரம்) பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். லேவியரும் தாங்கள் வாங்கியதில் பத்தில் ஒன்றைக் கொடுக்கவேண்டும் (எண்ணாகமம் 18), இதை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் செலவழித்ததற்கா இந்தக் குற்றவுணர்வு? மாற்கு 7 எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைவிரித்தவர்களைத்தான் இயேசு கண்டித்தார்.

இரண்டுகாசு:
நானும் இதே நிலைமையில் இருந்தவன். வெட்கத்தை விட்டு போதகரிடம் போய்ச் சொன்னேன், "முதலில் கடனை அடைங்க தம்பி" என்றார், அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டு மளிகை சபையிலிருந்து வந்தது. கொடுத்தே பழகின கைக்கு வாங்குவது இருக்கிறதே, சொல்லமுடியாத கூச்சம். அந்தச் சமயத்தில் சதவீதம் பார்க்காமல் சில்லறையாக இருந்ததைப் போட்டேன். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததை வைத்துக் கணக்குக் கேட்பதில்லை. கடன் தீர்ந்தபின் பத்தைத் தாண்டித்தான் போகிறது.

உங்கள் போதகரிடம் பேசினீர்களா?

கடைசிவரிசை:
இல்லை. பேசினால் இதுவும் அடுத்த வாரப் பிரசங்கத்தில் வந்துவிடுமோ என்று பயம். சரி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தனியாகப் பார்க்கிறேன். எண்ணாகமம் 18 இப்போதுதான் வாசித்தேன், 26-ஆம் வசனம், இருக்கத்தான் செய்கிறது. அதையும் அவரிடம் கேட்டுவிடலாமா?

பழையசுருள்:
முதல் தடவையிலேயே வேண்டாம் பிரதர்.