வானத்திலிருந்து விழுந்த தவளைகள் யாருடையவை? 'மாக்னோலியா'வும் யாத்திராகமமும்

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

பால் தாமஸ் ஆண்டர்சனின் 'மாக்னோலியா' (1999) படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தின் இறுதிப் பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸின் சான் ஃபெர்னான்டோ பள்ளத்தாக்கில் ஓரிரவு முழுவளர்ச்சியடைந்த தவளைகள் வானத்திலிருந்து கொட்டுகின்றன. இது விவிலியத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தில் எகிப்தின்மேல் வந்த இரண்டாம் வாதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொடக்கத்தில் வரும் வானிலை அறிவிப்பு மழைக்கு 82 விழுக்காடு வாய்ப்பு என்கிறது. தொலைக்காட்சி வினாடிவினா அரங்கில் பார்வையாளர் ஒருவர் யாத்திராகமம் 8:2 என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார். நீ என் ஜனங்களைப் போகவிடாவிட்டால் உன் எல்லையெங்கும் தவளைகளால் வாதிப்பேன் என்று எகிப்தின் அரசனான பார்வோனுக்குத் தேவன் விடும் எச்சரிக்கையே அந்த வசனத்தின் பொருள். படத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கும் பார்வோன்கள் தகப்பன்மார்தாம். சிறுவன் ஸ்டான்லி தன் அப்பாவிடம், என்னிடம் இன்னும் நல்லவிதமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறபோது, போய்ப் படு என்பதே பதிலாக வருகிறது. இதயம் கடினப்படுவது என்று வேதம் சொல்வது இதைத்தானே?

கடைசிவரிசை எழுதியது:

நண்பர் எண்களைக் கண்டு மயங்கிவிட்டார். அந்தக் காட்சியை முதலில் எழுதியபோது விவிலியத்தில் இப்படி ஒன்று இருப்பதே தமக்குத் தெரியாது என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது படித்துக்கொண்டிருந்தது சார்லஸ் ஃபோர்ட்டை. மீன் மழை, தவளை மழை போன்ற செய்திகளைப் பத்திரிகைகளிலிருந்தும் அறிவியல் இதழ்களிலிருந்தும் சலிக்காமல் சேகரித்து, அறிவியல் கண்டுகொள்ளாமல் ஒதுக்கிய தகவல்கள் என்று 1919இல் நூலாக்கியவர் அவர். வசன எண்கள் பிறகு ஒட்டப்பட்ட அலங்காரம் மட்டுமே.

அதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. யாத்திராகமத்தில் தவளைகள் விழுவதே இல்லை, ஏறி வருகின்றன. மோசேயின் அண்ணன் ஆரோன் தண்ணீர்கள்மேல் கையை நீட்டுகிறான், நதியிலிருந்து தவளைகள் கிளம்பிப் படுக்கை, அடுப்பு, மாப்பிசைகிற தொட்டி என்று எங்கும் புகுந்துவிடுகின்றன. கீழிருந்து மேலே வருவதும் மேலிருந்து கீழே விழுவதும் ஒரே குறியீடு என்றால், குறியீடு என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

மறைவாசகி எழுதியது:

தவளைகள் விழவில்லை என்பது சரி. ஆனால் வேதத்தில் உயிரினம் மழையாகப் பொழியும் இடம் ஒன்று உண்டு, அதை இருவருமே தொடவில்லை. சங்கீதம் 78இல் மாம்சத்தைத் தூளைப் போலவும், சிறகுள்ள பறவைகளைக் கடற்கரை மணலைப் போலவும் தேவன் 'வருஷிக்கப்பண்ணினார்' என்று வருகிறது. வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவுக்கும் காடைக்கும் ஒரே வினைச்சொல். எண்ணாகமம் 11இல் இதன் விவரம் கிடைக்கிறது: காற்று கடலிலிருந்து காடைகளை அடித்துக்கொண்டு வந்து, இஸ்ரவேலரின் பாளயத்தைச் சுற்றி ஒருநாள் பயண தூரத்துக்கு, தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்குக் கொட்டுகிறது. இறைச்சி வேண்டுமென்று அழுத ஜனங்கள் பகலும் இரவும் மறுநாளும் சேர்த்துக் குவிக்கிறார்கள். பிறகு, அது பற்களின் நடுவே இருக்கும்போதே வாதை விழுகிறது. அந்த இடத்துக்கு 'இச்சையின் கல்லறைகள்' என்ற பொருளில் கிப்ரோத் அத்தாவா என்று பெயர் வைத்தார்கள்.

எனவே வேதத்தின் உயிரின மழையைத் தண்டனை என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. கேட்டதைக் கொடுத்தார், கொடுத்ததே கொன்றது.

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

காடையைச் சுட்டியதற்கு நன்றி. எங்கள் கோயிலில் சங்கீதத்தைத் திருப்பாடல் என்று வேறு மொழிபெயர்ப்பில் வாசித்துப் பழகியதால் 'வருஷிக்கப்பண்ணினார்' என்ற சொல்லின் அழுத்தம் என் காதில் இதுவரை விழாமல் போயிற்று.

கடைசிவரிசைக்கு ஒரு கேள்வி. எழுதியபோது தெரியவில்லை என்பது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். தெரிந்த பிறகு படம் முழுக்க எட்டையும் இரண்டையும் தூவியவர் யார்? பிறகு ஒட்டினார் என்றாலும் ஒட்டியவர் அவர்தானே. விழுவதா ஏறுவதா என்பதைவிட எங்கே போய்ச் சேர்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். வேதத்தில் அவை அரண்மனை வாசலில் நிற்காமல் படுக்கையறை வரை போகின்றன. படத்திலும் அப்படியே: ஜிம்மி கேட்டர் என்ற தொலைக்காட்சிப் பிரபலம் தன் வீட்டுச் சமையலறையில் துப்பாக்கியைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு தவளை வந்து விழ, குறி தப்பிய குண்டு தொலைக்காட்சிப் பெட்டியில் பாய்கிறது. அவனை அவ்வளவு புகழுக்கு உயர்த்திய பெட்டி அது.

கடைசிவரிசை எழுதியது:

வாதை என்றால் அது யாரை வாதிக்கிறது என்று கணக்குப் பாருங்கள். திருடிய பணத்தைத் திருப்பி வைக்கப் போன டானி ஸ்மித் கம்பத்திலிருந்து விழுந்து பல் உடைத்துக்கொள்கிறான். மாத்திரைகளை விழுங்கிய லிண்டாவை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் கவிழ்கிறது, அவளோ பிழைக்கிறாள். ஜிம்மியின் மகள் கிளாடியாவுக்கு அவளுடைய அம்மா திரும்பக் கிடைக்கிறாள். காவலர் ஜிம் கரிங் தொலைத்த துப்பாக்கி தவளைகளுக்குப் பின்னால் வானத்திலிருந்தே அவர்முன் வந்து விழுகிறது. வாதைகளில் எகிப்தியன் வேறு, எகிப்தில் இஸ்ரவேலர் குடியிருந்த கோசேன் நாட்டு இஸ்ரவேலன் வேறு என்று பிரித்துப் பார்க்கும் நீதி உண்டு. இங்கே நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லார் தலையிலும் விழுகிறது. இது இயற்கையின் குருட்டுத்தனம். நூலகத்தில் தனியே உட்கார்ந்து தவளைகளின் நிழலைப் பார்த்தபடி ஸ்டான்லி சொல்வதும் அதுதான்: இது நடக்கக்கூடிய விஷயம்தான் என்கிறான். படத்தில் பதற்றப்படாத ஒரே ஆள் அவன்.

வானிலையாளன் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நடக்கக்கூடியதுதான், ஆனால் இப்படியல்ல. 2010இல் ஆஸ்திரேலியாவின் லஜமானு என்ற பாலைவனப் பழங்குடி ஊரில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, விரல் நீள மீன்கள் மழையோடு விழுந்தன. சில உயிரோடும் இருந்தன. சுழற்காற்றோ நீர்த்தாரையோ (நீர்ப்பரப்பின்மேல் எழும் சுழல் தூண்) நீர்நிலையிலிருந்து சிறு உயிர்களை உறிஞ்சி எங்கோ கொட்டுகிறது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கைப்பிடி கனமுள்ள தவளைகளை ஒரு பெருநகர் முழுக்கப் பல நிமிடங்கள் கொட்டும் காற்று எதுவும் இல்லை. இயற்கை என்று வாதிடும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

படத்தின் முகப்பில் வரும் கதை ஒன்று இதற்குப் பொருந்துகிறது. காட்டுத்தீயை அணைக்க ஏரியில் தண்ணீர் மொள்ளும் விமானம், முக்குளித்துக்கொண்டிருந்த ஒருவனையும் சேர்த்து மொண்டுபோய் மரத்தின்மேல் கொட்டிவிடுகிறது. நீர்த்தாரைக் கோட்பாடேதான், இயந்திரத்தின் கையால். முதலில் விழுவது ஒரு மனிதன். அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் விழும் தவளைகளுக்குக் காரணம் தரப்படவே இல்லை.

மறைவாசகி எழுதியது:

கடைசிவரிசை அவர்கள் கோசேனை அவசரப்பட்டு இழுத்துவிட்டார். கோசேன் நாட்டைப் பிரித்து வைப்பேன் என்ற பேச்சு நான்காம் வாதையான வண்டுகளில்தான் முதன்முதலாக வருகிறது. தவளைகளின்போது யாருக்கும் விலக்கு சொல்லப்படவில்லை. எல்லார் தலையிலும் விழுகிறது என்று தாங்கள் எதிர்வாதமாக வைத்தது, இரண்டாம் வாதையின் இயல்புக்கு மிகவும் நெருங்கியதுதான்.

எண் விளையாட்டில் ஆர்வமுள்ள நண்பருக்கு இன்னொன்று. எபிரெய மூலத்தில் அதிகாரப் பிரிப்பு வேறு. நம்முடைய 8:2 அங்கே 7:27. அங்கே 8:2 என்பது நம்முடைய 8:6, அதாவது எச்சரிக்கை முடிந்து தவளை ஏறி வந்து நாட்டை மூடிய வசனம். அதிலும் 'தவளை' என்று ஒருமையில் இருக்கிறது. யூத ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இதை வைத்து ஒரு சச்சரவே நடக்கிறது. ஒரே தவளைதான் வந்தது, அது எகிப்தையே நிறைத்தது என்கிறார் ரபி அகிபா. கதைசொல்லும் வேலை உமக்கு எதற்கு என்று அவரைக் கடிந்துகொண்ட ரபி எலெயாசர் பென் அசரியா, ஒரு தவளை குரல் கொடுத்து மற்றவற்றை அழைத்தது என்று தம் பங்குக்கு இன்னொரு கதையைச் சொல்கிறார். நம் விவாதம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு வசனம். தவளைகள் எப்போது ஒழிய வேண்டும் என்று மோசே கேட்கிறான். படுக்கையில் தவளையோடு இருக்கும் பார்வோன், நாளைக்கு என்கிறான். இப்போதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கடைசிவரிசை எழுதியது:

கோசேன் விஷயத்தில் என் வாதம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். வானிலையாளன் சொன்னபடி இயற்கை என்ற சொல்லையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வாதை என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 'நாளைக்கு' என்ற அந்தச் சொல் என்னை மறுபடியும் ஜிம்மியின் வீட்டுக்கு அனுப்பியது. நம் மகளை நீ தொட்டாயா என்று மனைவி ரோஸ் கேட்கிறாள். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், எனக்குத் தெரியவில்லை என்கிறான் ஜிம்மி. அவள் காரை எடுத்துக்கொண்டு மகளிடம் கிளம்பிய பிறகுதான் மழை தொடங்குகிறது.

கொட்டும் மழையில் ரோஸ் கிளாடியாவின் வீட்டுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில், அந்த வீட்டுச் சுவரில் மாட்டிய ஓவியத்தின் மூலையை நோக்கிக் கேமரா மெதுவாக நகர்கிறது. அங்கே சிறிய எழுத்துகளில், 'ஆனாலும் அது நடந்தது' என்று எழுதியிருக்கிறது. தவளை மழையை நம்பாத பார்வையாளருக்கான குறும்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஓவியம் மாட்டியிருப்பது கிளாடியாவின் சுவரில். தன் சிறு வயதில் அப்பா என்ன செய்தார் என்று அவள் சொல்வதைத்தான் அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

அப்படியானால் தவளைகள் ஜிம்மிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவை என்கிறீர்களா? வாதை என்ற என் சொல்லை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பார்வோனும் முதலில் கேட்டது சாட்சியைத்தான், கர்த்தர் யார் என்று. எதற்கும் இன்றிரவு அந்த ஓவியம் வரும் இடத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.