ஆர்சிபிபி தொகுப்பு: தமிழ்ப் பயனர் பெயரால் தடை, வழி தேவை

வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் ஆர்சிபிபி (Rcpp, ஆர் மொழிக்குள் சி++ நிரலைச் சேர்த்து ஓட்ட உதவும் கருவி) வழியாக எழுதிய சி++ நிரல் தொகுக்கப்படாமல் (compile ஆகாமல்) நிற்கிறது. மாதாந்திர மழைத் தரவுக்கு கிப்ஸ் மாதிரியெடுப்பு (மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சீரற்ற முறையில் எடுத்துக் கணிக்கும் புள்ளியியல் முறை) செய்கிறேன். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விடையைச் சார்ந்திருப்பதால் லூப்பைத் தவிர்க்க வழியில்லை. வெறும் ஆர் மொழியில் ஒரு முறை ஓட்டவே இரவு முழுவதும் ஆகிறது.

என்னிடம் இருப்பவை: ஆர் 4.4.1, ஆர்டூல்ஸ்44 (விண்டோஸில் ஆருக்காக சி++ நிரலைத் தொகுக்கும் கருவிகள்), ஆர்ஸ்டூடியோ (ஆர் நிரல் எழுதும் செயலி). ஆர்டூல்ஸ் சி டிரைவில் வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. அதிலுள்ள தொகுப்புக் கருவிகளான மேக் (make), ஜி++ (g++) இரண்டையும் ஆர் கண்டுபிடிக்கிறது. ஆர்டூல்ஸை நீக்கி மீண்டும் நிறுவினேன். தொகுப்பு அமைப்புகளை மாற்றக்கூடிய பழைய மேக்வார்ஸ் (Makevars) கோப்பு எதுவும் இல்லை. வைரஸ் தடுப்பை நிறுத்தியும் பார்த்தேன்.

என் சந்தேகம் பயனர் கோப்புறையின் மீது. அதன் பெயர் தமிழ் எழுத்துகளில் இருக்கிறது. முதலில் தற்காலிகக் கோப்பையே திறக்க முடியவில்லை என்று பிழை வந்தது. தற்காலிகக் கோப்புறையை சி டிரைவுக்கு மாற்றியதும் அது போய், ஆர்சிபிபியின் தலைப்புக் கோப்பு (சி++ நிரல் முதலில் சேர்த்துக்கொள்ளும் header கோப்பு) கிடைக்கவில்லை என்று நிற்கிறது. அந்தக் கோப்பு இருக்கும் ஆர் நூலகமும் (நிறுவிய கூடுதல் கருவிகளை ஆர் வைக்கும் கோப்புறை) அதே பயனர் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. இரண்டு பிழைகளும் ஒரே பாதையைத்தான் சுட்டுகின்றன. தமிழில் பெயர் வைத்ததற்காக ஒருவர் கணக்கையே மாற்ற வேண்டியிருக்கக் கூடாது. மேலும் இது அலுவலகக் கணினி, புதிய கணக்கு தொடங்க எனக்கு அனுமதியும் இல்லை.

ஆர் நூலகத்தைப் பயனர் கோப்புறைக்கு வெளியே நிரந்தரமாக மாற்றி, ஆர்ஸ்டூடியோ ஒவ்வொரு முறையும் அதையே எடுத்துக்கொள்ளச் செய்ய எந்த அமைப்பை எங்கே எழுத வேண்டும்?