எலி மருந்தும் அம்மாவின் இதய மாத்திரையும் ஒன்றுதானா?

ஏற்காட்டு மகன்:
வணக்கம். எங்கள் வீடு ஏற்காடு ஒண்டிக்கடைக்கு அருகில் இருக்கிறது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதான, இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு அம்மாவுக்குச் செயற்கை உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து, இரத்தம் உறைந்து கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தினமும் இரவில் சாப்பிடுகிறார். காப்பித் தோட்டத்தில் உடன் வேலை செய்யும் ஒருவர், இது எலிக்கு வைக்கும் விஷம் என்று சொன்னதிலிருந்து மாத்திரையைத் தொடவே அஞ்சுகிறார். இரத்தம் கெட்டியாகிவிடும் என்று கீரையையும் அடியோடு விட்டுவிட்டார். எலி மருந்து என்பது உண்மையா? உண்மையானால் அது எப்படி மனிதருக்கு மருந்தாயிற்று?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், சேலம்:
தம்பி, அது உண்மைதான். அதை மறைத்துச் சமாதானம் சொன்னால் அம்மாவின் அச்சம் கூடவே செய்யும் என்பதால் முழுக் கதையையும் சொல்லுங்கள். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், கொம்பு சீவிய சிறு காயத்திலிருந்துகூட இரத்தம் நிற்காமல் மாடுகள் செத்தன. ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டுமே இந்நோய் வருகிறது என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஷோஃபீல்டு கண்டறிந்தார். அவர் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தமே. 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் மேடிசன் நகரம் வரை வந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் கார்ல் பால் லிங்க்கிடம் ஒப்படைத்தார். லிங்க்கின் குழுவினர் விடாமல் உழைத்து, 1939இல் அந்தத் தீவனத்திலிருந்து, இரத்தத்தை உறையவிடாத டைகூமரால் என்ற பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவாக்கிய வீரியமிக்க பொருளே வார்ஃபரின்; அது 1948இல் எலி மருந்தாகத்தான் முதலில் சந்தைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதை உட்கொண்டும், வைட்டமின் கே கொடுத்ததால் முழுமையாகப் பிழைத்தார். முறிமருந்து கைவசம் இருக்கிறது என்பதை மருத்துவர்கள் கண்முன் கண்டார்கள்; 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது, மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் இதே மருந்தைக் கொடுத்தார்கள்.

ஆய்வகப் பணியாளர்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரத்தத்தை உறையவைக்கும் 2, 7, 9, 10 எண்ணுள்ள காரணிகளைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் நொதியை வார்ஃபரின் தடுக்கிறது. உடலில் ஏற்கெனவே இருக்கும் காரணிகள் தீரச் சில நாள்கள் ஆவதால், ஒரு வேளை மாத்திரையை விட்டாலும் கூட்டினாலும் அன்றே எதுவும் தெரியாது, ஆபத்து பின்னால்தான் வரும். அதனால்தான் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் ஐ.என்.ஆர். பரிசோதனை. இரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில், அதை உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும்; கோடு வரை இரத்தம் நிரம்பாவிட்டால் வரும் எண்ணை நம்ப முடியாது என்பதால், நாங்கள் மறுபடி ஊசி போட நேர்ந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மைட்ரல் இடத்து உலோக வால்வுக்கு அந்த எண் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கான எல்லையை மருத்துவர்தான் சொல்வார். இதையே எலி அளவில்லாமல் தின்கிறது, அம்மாவுக்கோ அளந்து கொடுக்கிறோம்.

ஆத்தூர் அக்கா:
கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். முருங்கைக் கீரையிலும் அரைக்கீரையிலும் வைட்டமின் கே மிகுதி என்பது சரிதான்; ஆனால் வாரம் முழுக்க ஒதுக்கிவிட்டு ஒருநாள் மட்டும் சட்டி நிறையக் கடைந்து சாப்பிடுவதுதான் அளவைக் குலைக்கும். வழக்கமான அளவில் சீராகச் சாப்பிடட்டும். நிறுத்தியதை மீண்டும் தொடங்கும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டு மகன்:
அனைவருக்கும் நன்றி. பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே? மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் சேலத்துக்கு இறங்குவது பெரும்பாடாக இருக்கிறது.

ஆய்வகப் பணியாளர்:
உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஆகாது. டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தை இப்படிப்பட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வார்ஃபரினைவிட இரத்தக்கட்டும் இரத்தக்கசிவும் அதிகமாக வந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. மழைக்கு முன்பே மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தள்ளிப்போகும்போல் இருந்தால் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். ஈறு கசிந்தாலோ, மலம் கறுத்தாலோ, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தாலோ அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே அழைத்து வந்துவிடுங்கள்.