மழை விடுமுறையை நாட்காட்டியில் எப்படி ஈடுசெய்கிறீர்கள்?

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு சிறிய நடுநிலைப் பள்ளியின் ஆண்டு நாட்காட்டியைத் தயாரிக்கும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்துள்ளது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 200 நாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடக்க வேண்டும். ஜூனில் திறந்து, காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறைகளைக் கழித்தபின், உள்ளூர் விடுமுறைகளும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் கணக்கு இடிக்கிறது. நாகூர் கந்தூரி பிறை பார்த்தே முடிவாவதால் அதைப் பென்சிலால்தான் குறித்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஈடுசெய்யத் தொடர்ந்து சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தபோது, தொலைவிலிருந்து வரும் சிறு பிள்ளைகள் மதியமே மேசையில் தலைசாய்த்துவிட்டார்கள். அது மீண்டும் நேரக் கூடாது. கடலோரப் பள்ளிகளில் மழைக்கென எத்தனை நாட்களை முன்கூட்டியே ஒதுக்குகிறீர்கள், ஈடுசெய்யும் நாட்களை எந்த மாதங்களில் வைக்கிறீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.